மூன்றாவது ஓட்டு

பிள்ளைகளா, ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு ஓட்டுக் கேட்க வந்தவர்களிடம் நான் நடந்துகொண்ட விதத்தை நீங்கள் இரண்டு பேரும் பார்த்தீர்கள். வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்தபடியே சின்னவள் தலையில் கையை வைத்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து உங்கள் அம்மா உள்ளே போய்விட்டாள். "ஏம்ப்பா, அங்கிள் நல்லாத்தானே பேசினாரு?" என்று பெரியவன் கேட்டான். பேச ஆரம்பித்தால் பாதியில் கோபம் வரும், மீதியில் அழுகை வரும். எழுதினால் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். பெரியவன் படித்துச் சின்னவளுக்குச் சொல்லட்டும்.

இந்த ஊரில் கார்ப்பரேஷன் எலக்‌ஷன் நடந்து வருஷக்கணக்காகிவிட்டது. உங்களுக்கு நினைவு தெரிந்து நடக்கவே இல்லை. இப்போது வருகிறது, வருகிறது என்கிறார்கள். அதற்குள்ளேயே சட்டைகள் வெளுத்துவிட்டன. நான் சொல்லப்போவது எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நடந்த எலக்‌ஷன்.

அப்போது நாங்கள் ஜீவனஹள்ளியை ஒட்டி ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்து போய் முடிகிற இடத்தில் பெரிய மோரி. மோரி என்றால் வீட்டுச் சாக்கடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் காலத்தில் கறுப்பாக ஒரு கோடு போல ஓடும். மழை வந்துவிட்டால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போகும். அதன் கரையில் இடுப்பளவு சுவர் ஒன்று இருந்தது. சந்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி திரும்ப இடம் போதவில்லை என்று அந்தச் சுவரில் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். இடித்தவர் லாரிகளின் சொந்தக்காரர். எல்லோரும் அவரை லாரி அண்ணன் என்பார்கள். குழாயில் தண்ணீர் வராத அந்தச் சந்தில் அவர் அனுப்பினால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. என் அப்பா அவருடைய லாரி ஒன்றை ஓட்டினார்.

அந்த முறை எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். லாரி அண்ணன் கொஞ்சமும் கலங்காமல் தன் மனைவியை நிறுத்தினார். போஸ்டரில் அவர் படம் ஆளுயரத்துக்கு இருந்தது, அந்த அம்மாவின் படம் தபால்தலை அளவுக்கு. ஜீப்பில் அந்த அம்மா கும்பிட்ட கையை இறக்காமல் நிற்பார். பேசுவதெல்லாம் லாரி அண்ணன்தான். ஓட்டு விழும் முன்பே ஜனங்கள் அவரைக் கார்ப்பரேட்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எதிர்த்து நின்றவர்களில் எங்கள் எதிர்வீட்டு அத்தையும் ஒருவர். அத்தை என்று நான் கூப்பிட்டேனே தவிர சொந்தம் இல்லை. காக்ஸ் டவுனில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்தார். அவருக்கு ஒரே பையன், பிரபு. என் வகுப்பில்தான் படித்தான். முந்தின வருஷம் மழையில், சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. சுவர் இடிந்த இடத்தில் ரோடு எது, தண்ணீர் எது என்று தெரியாமல் இருந்திருக்கிறது. மறுநாள்தான் கிடைத்தான், வெகு தூரத்தில் ஒரு பாலத்துக்கு அடியில். சந்தே அழுதது. லாரி அண்ணனும் மாலையோடு வந்தார். இடித்த இடம் மட்டும் இடித்தபடியே கிடந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் என் அப்பா அங்கேதான் லாரியைத் திருப்பினார். வேறு எங்கே திருப்புவார்?

அத்தைக்குக் கேஸ் சிலிண்டர் சின்னம் கிடைத்தது. கொடி இல்லை, ஜீப் இல்லை. அவரும் அவர் வீட்டுக்காரரும் வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். பேச்சும் ஒரே பேச்சுதான். "ஜெயிக்கறதுக்கு நிக்கலக்கா. நம்ம ஜனம் நூறு பேரு போட்டாலும் போதும். அப்பத்தான் நாளைக்கு ஆபீஸ்ல போயி செவுரு கட்டுங்கன்னு கேக்க எனக்கு வாய் இருக்கும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். "என் ஓட்டு உனக்குத்தான். இத இன்னாத்துக்கு வாசல்ல நின்னு கேக்கற? உள்ள வந்து உக்காரு" என்றாள். அத்தை உட்காரவில்லை. என் பக்கம் பார்க்காமலேயே டீயைக் குடித்துவிட்டுப் போனார். பிரபு போன பிறகு அவர் என்னைப் பார்ப்பதே இல்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மைக் சத்தமெல்லாம் நின்ற பிறகு, லாரி அண்ணனின் ஆட்கள் சந்துக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஒரு கட்டட மேஸ்திரி. கையில் பித்தளைத் தட்டு, அதில் கற்பூரம், ஒரு பால் பாக்கெட். வீட்டுக்கு வீடு கற்பூரத்தை ஏற்றி, பாலைத் தொட்டு, "எங்க வீட்டு ஓட்டெல்லாம் அண்ணனுக்கே" என்று சத்தியம் வாங்கினார்கள். வேதக்காரர் வீடு வந்தால் மேஸ்திரி பைபிளை எடுத்துவரச் சொல்லி, அதன் மேல் கையை வைக்கச் சொன்னார். ஓட்டு ரகசியம் என்று சர்க்கார் சொல்லலாம். சத்தியத்தை மீறிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா? அந்த ஒன்றை நம்பித்தான் அவர்கள் எலக்‌ஷன் நடத்தினார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் வந்து மேஸ்திரி நின்றுவிட்டார். என் அம்மா தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்தில் வேலை பார்த்த அவளுடைய அப்பா பௌத்தத்துக்கு மாறியபோது, வீட்டிலிருந்த சாமி படங்களையெல்லாம் இறக்கிக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். எங்கள் வீட்டிலும் புத்தர் படம் ஒன்றுதான். கற்பூரம் கிடையாது, விபூதி கிடையாது, ராகு காலம் கிடையாது. சந்தில் எங்களுக்குச் சாமி இல்லாத வீடு என்றே பெயர்.

"இன்னாக்கா இது பேஜாரு" என்றார் மேஸ்திரி. "உங்க வீட்ல கற்பூரம் ஏத்தினா அது வெறும் புகை. உங்கள எதுல கட்டறது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கட்டறதுக்கு நான் இன்னா மாடா?" என்றாள் அம்மா. "என் ஓட்டு என் இஷ்டம் தம்பி. இவர் ஓட்டு வேணும்னா இவரக் கேளுங்க."

"அவரு நம்ம ஆளு. அவரு கையில நம்ம லாரி இருக்குது. இல்லியாண்ணா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று, பால் பாக்கெட்டை யார் குடிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கைப்பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஒருத்தன்தானாக்கா?"

அம்மா என் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

"சாமி இல்லாட்டி போவுது. பையன் இருக்கறான் இல்ல? இவன் தலைல கைய வெச்சு சொல்லிடுங்க. அது போதும் நமக்கு. டைம் ஆவுது, இன்னும் நாலு வீடு இருக்குது."

"சும்மா பேச்சுக்குத்தானே" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். "வெச்சுடு."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள். ஈரக் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. மேஸ்திரி சொல்லச் சொல்ல அம்மா திருப்பிச் சொன்னாள். எனக்கு ஒரே பெருமை. அத்தனை பெரிய மனிதர்கள் என்னைச் சுற்றி நிற்கிறார்கள், எல்லோரும் என் தலையையே பார்க்கிறார்கள். போகும்போது மேஸ்திரி என் சட்டையில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போனார். அதை அத்தைக்குத் தெரியும்படி எதிர்வீட்டு வாசல்வரை போய் நின்றுவிட்டு வந்தேன். பார்த்தால் பேசுவார் என்று ஒரு எண்ணம்.

ஓட்டுப் போட்ட அன்று அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். குளியலறையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். "அந்த மை போகாதும்மா, மிஸ் சொன்னாங்க" என்றேன். "தெரியும்" என்றாள், மறுபடியும் சோப்பை எடுத்தாள். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதையும் விட்டுவிட்டாள். பாட்டிலைக் கொடுத்து நீயே வைத்துக்கொள் என்றாள். பெரிய பையன் ஆகிவிட்டோம் போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

எண்ணி முடித்தபோது லாரி அண்ணனின் மனைவி நல்ல வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். மாலை போட்டுக்கொண்டு லாரி அண்ணன் வந்தார். மேளம், பட்டாசு, கலர் பொடி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பூத்துப் பெட்டியையும் தனியாக எண்ணும்போது கட்சி ஆட்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வார்கள். அதனால் எங்கள் பூத்தில் யாருக்கு எத்தனை என்பது அன்று சாயங்காலமே சந்துக்குத் தெரிந்துவிட்டது. மேஸ்திரிதான் சந்து முனையில் நின்று கத்தினார்.

"சிலிண்டருக்கு மூணே மூணு! ரெண்டு அவங்க வீட்டுது. மூணாவது புண்ணியவான் யாருப்பா? வந்தா மால போடலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தையின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கலர் பொடி அந்தக் கதவிலும் பட்டிருந்தது.

எங்கள் வீட்டைத் தாண்டும்போது மேஸ்திரி நின்றார். என் தலையை இரண்டு தட்டுத் தட்டினார். "இன்னா குரு, தல நல்லா இருக்குதா?" என்று கேட்டார். "நல்லா இருக்குது" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். இழுத்த வேகத்தில் என் தோள்பட்டை வலித்தது.

அந்த வாரக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார், ரத்தமும் பார்த்தார், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். அம்மா கேட்கவில்லை. வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வாந்தி எடுத்தபோது "ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்" என்று சொன்னாள். அவள் கொடுத்த ரசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்து, "ரசம் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், அப்பா லாரி எடுக்கப் போன பிறகு, அம்மா எனக்குச் சட்டை மாட்டி வெளியே அழைத்துப்போனாள். அன்று செவ்வாய்க்கிழமை. சலூன் சாத்தியிருந்தது. பின்பக்கமாகப் போய் முடி வெட்டுகிறவரின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"செவ்வாக்கிழமை நான் கத்தி தொட மாட்டேன்மா, தெரியாதா?"

"எங்களுக்கு செவ்வா வெள்ளியெல்லாம் இல்லண்ணா. மொட்ட போட்டு வுட்ருங்க."

"மொட்டையா? உங்க வீட்லயா? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"

"வேண்டுதல் இல்ல. பேன்."

அவர் என் முடியைப் பிரித்துப் பார்த்தார். "ஒண்ணுகூட காணோமே" என்றார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தார். "அடியோட எடுங்க. ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது" என்று மட்டும் அம்மா சொன்னாள். விழுந்த முடியையெல்லாம் அவளே குனிந்து பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, போகிற வழியில் மோரியில் எறிந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவார்களே என்ற கவலை எனக்கு.

நாங்கள் திரும்பும்போது சந்தில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. குடங்களோடு பெண்கள் வரிசையில் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். சாமி இல்லாத வீட்டுப் பையன், செவ்வாய்க்கிழமை, மொட்டைத் தலை. அந்தச் சந்தில் அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நடந்தேன். கையை எடுடா என்று அம்மா சொன்னாள். யாரோ ஒரு பெண் மெல்லிய குரலில், "அப்ப அந்த மூணாவது இவங்கதானா" என்றாள். லாரியின் மேல் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா எங்களைப் பார்த்தார். குழாயிலிருந்து தண்ணீர் குடத்துக்கு வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தது. வழக்கமாக அதற்குச் சண்டை போடுகிற பெண்கள் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அத்தை வெளியே வந்தார். அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். நெற்றியிலிருந்து பிடரிவரை இரண்டு கையாலும் என் தலையைத் தடவினார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். நன்றி சொல்வார், அழுவார் என்றுதான் இப்போது இதைப் படிக்கும் உங்களுக்குத் தோன்றும். அவர் கத்தினார்.

"பைத்தியமாடி உனக்கு? எனக்கு ஓட்டு வேணும்னு உன் பையன் தலைய வெப்பியா? எம்புள்ள போனது போதாதா உனக்கு?"

"உனக்குப் போடறேன்னு முன்னாடியே சொல்லிட்டேனே" என்றாள் அம்மா.

"யாரு கேட்டா உன்ன? மத்தவங்க போட்டாங்களா? இவங்க எல்லாரும் எனக்குச் சொல்லல?"

வரிசையில் நின்ற பெண்கள் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். எனக்குப் புரிந்ததெல்லாம், இவ்வளவு சிநேகமாக இருந்த இரண்டு பேர் என் மொட்டையால் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பதுதான்.

மத்தியானத்துக்குள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். லாரிச் சாவியை மேஸ்திரி வாங்கிக்கொண்டார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் அப்படியே இருந்தது. அவர் அம்மாவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்த டப்பாவைத் திறந்து எனக்கு ஊட்டினார். அதற்குப் பிறகு வெகு நாள்வரை அவர்கள் இருவரும் பேசவேண்டியதை என்னைக் கூப்பிட்டுத்தான் பேசினார்கள். உங்கம்மாகிட்ட சொல்லு, உங்கப்பாகிட்ட கேளு. அது ஒரு விளையாட்டு என்று நான் நினைத்தேன்.

எங்கள் வாசலில் தண்ணீர் லாரி நிற்பது குறைந்தது, பிறகு நின்றது. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு சந்து தள்ளிப் போனாள். அந்தப் பள்ளிக்கூட வருஷம் முடிவதற்குள் ஆனேக்கல் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டோம். அப்பா அங்கே செங்கல் லாரியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். சாமான் ஏற்றின அன்று அத்தை வெளியே வரவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்தது கோபம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஒருத்தி முகத்தைப் பார்த்தால் இன்னொருத்திக்கு அவள் பிள்ளை நினைவுக்கு வரும். அதை அவர்களால் தாங்க முடியவில்லை.

என் முடி வளர்ந்தது. காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. நான் நன்றாக இருந்தேன், இருக்கிறேன், உங்கள் எதிரிலேயே. ஆனாலும் என் அம்மா அதற்குப் பிறகு எந்த எலக்‌ஷனிலும் ஓட்டுப் போடப் போகவில்லை. சீட்டு வீடு தேடி வரும், வாங்கி வைத்துக்கொள்வாள். ஓட்டு நாளில் எல்லோரும் கிளம்பிப் போக, அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். மறுபடி என் தலையில் எண்ணெய் வைக்கவும் இல்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் குனிந்தேன். கன்னத்தைத்தான் தொட்டாள்.

எனக்குப் பதினெட்டு முடிந்து ஓட்டர் கார்டு வந்த அன்று, அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓட்டு ரகசியம்ங்கறாங்க. உங்கம்மா போட்ட ஓட்ட நீதாண்டா தலைல வெச்சிக்கினு சந்து முழுக்கக் காட்டின" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போதுதான் அந்தக் காய்ச்சல், அந்தச் சோப்பு, பேன் இல்லாத தலையைச் சிரைத்த அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. செத்துப்போன ஒரு பையனுக்காக என் அம்மா உயிரோடு இருந்த ஒரு பையனைப் பணயம் வைத்துவிட்டாள் என்று முதலில் கோபம் வந்தது. அவள் சாமியை நம்பாதவள். ஆனால் அந்தச் சத்தியத்தை நம்பினாள், முழுதாக நம்பினாள், நம்பிக்கொண்டேதான் சிலிண்டருக்குப் போட்டாள். அந்தக் கோபத்தைத் தாண்டி நான் வர எத்தனையோ வருஷம் ஆயிற்று. நீங்கள் பிறந்த பிறகுதான் முழுதாக வந்தேன்.

நான் போட்ட முதல் ஓட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கார்ப்பரேஷன் ஓட்டு இல்லை, வேறு. விரலில் மை வைத்துவிட்டு அட்டைக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. மேலே இருந்த பெரிய பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு விரலைக் கீழே கீழே கொண்டுபோனேன். கடைசிக்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. கட்சி இல்லை. யாரென்று எனக்குத் தெரியாது, எதற்காக நிற்கிறார் என்றும் தெரியாது. வீட்டில் அவருக்கு எத்தனை ஓட்டு இருக்குமோ. அந்தப் பொத்தானை அழுத்தி, சத்தம் வந்து ஓயும்வரை விரலை எடுக்காமல் நின்றேன்.